மிலானில் ஆரெயாவைத் தேடி ஒரு நாள்

இத்தாலிய புரோக் ராக் (புரோக்ரெசிவ் ராக்) கேட்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் பிஎஃப்எம் குழுவின் இனிமையிலேயே நின்றுவிடுகிறார்கள். அதையும் தாண்டிப் போக ஆசைப்பட்டால் ஆரெயா குழுதான் சரியான ஆள். 1972இல் உருவான இந்தக் குழுவில் ஜாஸ், பால்கன் தாளம், எலக்ட்ரானிக் இரைச்சல், இடதுசாரி அரசியல் எல்லாமே உண்டு. பாடகர் தெமெத்ரியோ ஸ்ட்ராடோஸ் எகிப்தின் அலெக்ஸாண்ட்ரியாவில் பிறந்த கிரேக்கர்.

மிலானில் அவர்கள் தடம் பதித்த இடங்களைப் பார்க்கக் கிளம்பும் முன் ஆல்பங்களைக் கேட்டுவிட்டுப் போங்கள். அங்கே நினைவுப் பலகையை எதிர்பார்த்துப் போகாதீர்கள். 1975இல் வந்த 'கிராக்!' ஆல்பத்தில் தொடங்கி, பிறகு 1973இன் முதல் ஆல்பத்துக்கு வருவது நல்லது. 1974இன் 'காஷன் ரேடியேஷன் ஆரெயா'வை எடுத்த எடுப்பில் போட்டால் பாதியில் நிறுத்திவிடுவீர்கள். அதிலுள்ள 'லோபோதொமியா'வை ஹெட்போனில் கேட்பதானால் முதலில் வால்யூமைக் குறையுங்கள், காதைக் குத்தும். அவர்களின் பால்கன் தாளத்தைக் கையில் போட்டுக் கேட்பவர்களுக்கு ஒரு குறிப்பு: நம் ஏழு எண்ணிக்கைத் தாளமான மிஸ்ர சாபு 3+4. பால்கனில் அதே ஏழு 3+2+2 என்றோ 2+2+3 என்றோ உடையும். நாலு நாலாக எண்ணினால் சமம், அதாவது தாளத்தின் முதல் அடி, கைக்குச் சிக்காது.

முதல் நிறுத்தம் வியா ஃபெஸ்தா தெல் பெர்தோனோவில் உள்ள அரசுப் பல்கலைக்கழகம். துவோமோ மெட்ரோவிலிருந்து நடை தூரம். 1976 அக்டோபரில் ஆரெயாவினர் சாக்ஸபோன் கலைஞர் ஸ்டீவ் லேசியோடு இங்கே வாசித்ததன் பதிவுதான் 'இவென்ட் 76' ஆல்பம். மயக்கம், காமம், கிண்டல், மௌனம், வன்முறை என்று எழுதிய சீட்டுகளை ஆளுக்கொன்றாக எடுத்து, வந்த சொல்லை வாசித்திருக்கிறார்கள். முற்றத்தைப் பார்க்க வார நாளில் போங்கள்.

அங்கிருந்து வடமேற்கே நடந்தால் செம்பியோனே பூங்கா, அதன் ஓரத்தில் அரேனா சிவிகா. ஸ்ட்ராடோஸின் சிகிச்சைக்குப் பணம் திரட்ட 1979 ஜூன் 14 அன்று இங்கே கச்சேரி ஏற்பாடாகியிருந்தது. முந்தைய நாளே அவர் நியூயார்க்கில் இறந்துவிட்டார், வயது 34. நிதிக் கச்சேரி அஞ்சலிக் கச்சேரியானது. இன்று இது தடகள மைதானம். நிகழ்ச்சி இல்லாத நாளில் வெளிச்சுற்றோடு திருப்திப்பட வேண்டியிருக்கலாம்.

பக்கத்திலுள்ள லான்ட்சா நிலையத்தில் பச்சைத் தடமான எம்2 ஏறி ச்சிமியானோவில் இறங்குங்கள். தடம் அதற்குப் பிறகுதான் பிரிகிறது, அதனால் ஜெஸ்ஸாத்தே வண்டி, கொலோன்யோ வண்டி இரண்டுமே போகும். வங்கிக் கார்டைத் தட்டி நுழைந்தால் வெளியேறும்போதும் அதே கார்டைத் தட்டுங்கள். நுழையும்போது மொபைலையும் வெளியேறும்போது கார்டையும் தட்டினால் இரண்டும் ஒரே பயணமாகச் சேராது.

அங்கிருந்து கிழக்கே கொஞ்சம் நடந்தால் பார்க்கோ லாம்ப்ரோ. அகன்ற புல்வெளி, மரங்கள், அவ்வளவுதான். 1976 இளைஞர் திருவிழாவில் உணவு வண்டியிலிருந்த உறைந்த கோழிகளைக் கூட்டம் சூறையாடியது இங்கேதான். அதே திருவிழாவில் ஆரெயாவினர் சின்தசைசரின் வயர்களைக் கூட்டத்திடம் கொடுத்தார்கள். தொட்டவர்களின் உடல் வழியே மின்சுற்று ஓட, தொடும் விதத்துக்கேற்ப ஒலி மாறியது. இந்த வழித்தடத்தில் ஒன்றை மட்டும் பார்க்க நேரம் இருந்தால் நான் சொல்வது இந்தப் பூங்காவைத்தான். சின்தசைசர் வாசித்த பாவ்லோ தோஃபானி பின்னாளில் கிருஷ்ண பக்தராகி வீணை பக்கம் போனது தனிக் கதை.

பழைய எல்பி வாங்குவதானால் முதல் ஆல்பத்தின் கிராம்ப்ஸ் நிறுவனப் பதிப்பில் அட்டைத் துப்பாக்கி ஒன்று இருக்கும். அது இல்லாவிட்டால் விலை குறைய வேண்டும், பேரம் பேசுங்கள். தட்டின் நடுவே லேபிளைச் சுற்றியுள்ள வெற்று வளையத்தைச் சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். இத்தாலியத் தட்டுகள் பலவற்றில் அங்கே தேதி பொறித்திருக்கும், மறுபதிப்பா என்பது அதில் பிடிபடும். பயணப் பெட்டியில் வைக்கும்போது தட்டை உறையிலிருந்து உருவி, உள்கவரோடு உறைக்குப் பின்னால் வையுங்கள். உள்ளேயே விட்டால் குலுக்கலில் தட்டின் விளிம்பு இடித்து உறையின் ஓரம் கிழிந்துவிடும்.