டென்ஸ் அட்டவணைக்கு முன்னால் படிக்க வேண்டியது

சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும்போது அடிக்கடி பார்ப்பது இது. 12 டென்ஸ்களையும் கட்டம் போட்டு ஒப்பிக்கிற பிள்ளையிடம் ‘நேற்று நான் போகவில்லை’ என்பதை ஆங்கிலத்தில் கேட்டால், ‘ஐ டிட் நாட் வென்ட்’ என்று பதில் வருகிறது. அட்டவணை மனப்பாடம், வினைச்சொல் இன்னும் பழகவில்லை. அதனால் நான் அட்டவணையைக் கடைசியில்தான் எடுப்பேன்.

முதலில் வினைச்சொற்களின் மூன்று வடிவங்கள். இவற்றை அகரவரிசையில் படிக்க வேண்டாம், ஓசையை வைத்துக் கூட்டம் கூட்டமாகப் படியுங்கள். சிங், சேங், சங். ரிங், ரேங், ரங். ட்ரிங்க், ட்ரேங்க், ட்ரங்க் என்பது ஒரு கூட்டம். பாட், ப்ராட், தாட், காட் என்று இறந்தகாலத்தில் ஒரே மாதிரி முடிகிற பை, ப்ரிங், திங்க், கேட்ச் இன்னொரு கூட்டம். கட், ஹிட், புட் மூன்றிலும் மாறாது. ரீட் மட்டும் தனி ரகம்: எழுத்து மாறாது, இறந்தகாலத்தில் ‘ரெட்’ என்று ஓசை மாறும். இப்படி வாய்விட்டுச் சொல்லிப் படித்தால் சீக்கிரம் மறக்காது.

அடுத்ததுதான் நம் பிள்ளைகள் அதிகம் தடுமாறும் இடம். ‘தினமும் படிக்கிறேன்’, ‘இப்போது படிக்கிறேன்’ இரண்டுக்கும் தமிழில் ‘படிக்கிறேன்’ போதும். ஆங்கிலத்தில் வழக்கமாகச் செய்வது ‘ஐ ரீட்’, இந்த நேரம் நடந்துகொண்டிருப்பது ‘ஐ ஆம் ரீடிங்’. இந்த வித்தியாசம் பிடிபடாததால்தான் ‘ஐ ஆம் கோயிங் டு ஸ்கூல் எவ்ரி டே’ என்று எழுதுகிறார்கள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ‘இது வழக்கமா, இப்போது நடப்பதா?’ என்று கேட்டுக் கேட்டுப் பழக்குங்கள். இதற்கு எத்தனை நாள் ஆனாலும் அவசரப்படாதீர்கள். நோ (தெரியும்), வான்ட் (வேண்டும்) போன்ற சொற்கள் மட்டும் இப்போதைய நிலையைச் சொன்னாலும் பொதுவாக ‘இங்’ ஏற்காது.

சரி, ‘டிட் நாட் வென்ட்’ ஏன் தவறு? காலத்தைச் சுமக்க வாக்கியத்தில் ஓர் ஆள் போதும். ‘டிட்’ அதைச் சுமந்துவிட்டது, அதனால் ‘வென்ட்’ பழையபடி ‘கோ’ ஆகிவிடும். ‘ஹி டஸ் நாட் கோஸ்’ தவறாவதும் இதனால்தான். காரணம் புரிந்த பிள்ளை தன் விடையைத் தானே திருத்திக்கொள்ளும்.

‘ஹேவ் சீன்’ போன்ற பெர்ஃபெக்ட் வடிவங்களுக்குத் தமிழே உதவும். ‘அவரைப் பார்த்திருக்கிறேன்’ என்று சொல்லும் இடத்தில் ‘ஹேவ் சீன்’. ‘நேற்று பார்த்தேன்’ என்று நாள் குறிப்பிட்டுவிட்டால் ‘சா’ மட்டுமே. எதிர்காலம் எளிது: ‘வில்’ போட்டு வினையை அப்படியே எழுதலாம். மற்ற பெர்ஃபெக்ட் வகைகள் பெரிய வகுப்புக்கு இருக்கட்டும்.

பயிற்சிக்கு ஒரு வினைச்சொல்லை எடுத்து, தினமும் செய்வது, இப்போது செய்வது, நேற்று செய்தது, நேற்று செய்யாதது, ஒரு கேள்வி என்று பிள்ளையின் சொந்த நாளைப் பற்றியே எழுதச் சொல்லுங்கள். பேசும்போது நடுவில் நிறுத்தித் திருத்தாதீர்கள், சொல்லி முடிக்கட்டும்.

தேர்வில் கோடிட்ட இடம் வந்தால் முதலில் எவ்ரி டே, நவ், எஸ்டர்டே போன்ற காலச் சொல்லை வட்டமிட வேண்டும். அது இல்லாவிட்டால் வாக்கியத்தின் மற்ற வினையைப் பார்க்க வேண்டும். ‘வென் தி டீச்சர் கேம் இன், வி...’ என்று இருந்து அடைப்பில் ‘ரீட்’ கொடுத்திருந்தால், ஆசிரியர் வந்தபோது ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது என்ற பொருளில் ‘வேர் ரீடிங்’ என்று எழுதலாம்.