சம்பவம் என்னும் சொல்

கீழமை நீதிமன்றங்களில் சாட்சியம் தமிழில் பதிவாகிறது. வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போகும்போது, அரசமைப்புச் சட்டத்தின் 348ஆவது உறுப்பை ஒட்டி, அந்தத் தாள்கள் ஆங்கிலத்தில் தேவைப்படுகின்றன. அந்த மொழிபெயர்ப்பே பல ஆண்டுகளாக என் தொழில். சட்டச் சொற்களுக்கு அகராதி உண்டு. என்னைத் தடுமாற வைத்தவை பேச்சுச் சொற்கள்தாம்.

'சம்பவம்' என்பதற்கு வடமொழியில் பிறப்பு, தோற்றம் என்று பொருள். தமிழில் அது நிகழ்ச்சியைக் குறித்தது. காவல் நிலையத் தாள்களில் 'சம்பவ இடம்', 'சம்பவ நேரம்' என்று குற்றத்தோடு ஒட்டிக்கொண்டது. அந்தத் தாள்களில் பெயர் ஏறியவர்களின் பேச்சில் அது கொலைக்கே மறுபெயரானதற்கு இந்தப் பழக்கம்தான் காரணம் என்று கருதுகிறேன். பிறப்பைச் சொன்ன சொல்லே சாவையும் சொல்ல வந்துவிட்டதே என்று பலமுறை வியந்திருக்கிறேன்.

அந்தப் பொருள் மனத்தில் ஊறியிருந்ததால்தான் தவறினேன். தெருச்சண்டை ஒன்றில் கைதான இளைஞர்களின் ஜாமீன் மனுவோடு கைப்பேசிச் செய்திகளின் நகல்களும் மொழிபெயர்ப்புக்கு வந்தன. 'நாளைக்கு அவனுக்குத் தரமான சம்பவம் இருக்கு' என்ற வரியைக் கொலைத் திட்டம் என்று பொருள்படும்படி ஆங்கிலத்தில் எழுதிவிட்டேன். தாக்கல் செய்யுமுன் படித்துப் பார்த்த ஜூனியர் வழக்கறிஞர், "சார், இது பிறந்தநாள் பேச்சு சார், கேக்கை மூஞ்சியில பூசுறதைச் சொல்றாங்க" என்றார். அதற்கு இரண்டு வரி மேலே, 2 கிலோ கேக்கை யார் வாங்குவது, முட்டைக்கு யார் பணம் கொடுப்பது என்று அவர்கள் பேசியிருந்தார்கள். அந்த வரிகளையும் நானே மொழிபெயர்த்திருந்தேன். ஒரு சொல்லின் மீது வைத்த நம்பிக்கை பக்கத்து வரியைப் பார்க்கவிடாமல் செய்ததை நினைத்தால் இன்றும் மனம் பதறுகிறது. அந்தத் தாள் அப்படியே போயிருந்தால் சில பிள்ளைகள் சிறையில் கூடுதலாகச் சில வாரங்கள் கிடந்திருக்கக்கூடும்.

இளையவர்கள் மொழியைக் கெடுக்கிறார்கள் என்று இதற்காகச் சொல்ல மாட்டேன். நன்றாகப் பாடியவரை 'கொன்னுட்டார்' என்று எங்கள் தலைமுறையும் பாராட்டியது. கொடிய சொல்லை விளையாட்டுக்கு எடுத்துக்கொள்வது நம் பேச்சின் பழைய வழக்கம். ஆனால் புதுப்பொருள் வந்ததும் பழையது போய்விடுவதில்லை என்பதுதான் சிக்கல். 'செஞ்சிடுவேன்' என்பது ஒருவர் வாயில் மிரட்டல். 'வச்சு செஞ்சிட்டாங்க' என்பது கல்லூரி மாணவர் வாயில் வெறும் கிண்டல். முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 506ஆவது பிரிவும், 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 351ஆவது பிரிவும் குற்றமாக்கும் மிரட்டல் இந்த இரண்டில் எது என்பதைச் சொல்லை மட்டும் பார்த்துத் தீர்மானிக்க முடியாது.

இப்போதெல்லாம் இத்தகைய சொல் வந்தால் அதன் ஒலியை அப்படியே ஆங்கில எழுத்தில் எழுதி, அடிக்குறிப்பில் அதற்குள்ள எல்லாப் பொருள்களையும் தருகிறேன். எந்தப் பொருள் என்பதை நீதிமன்றம் முடிவு செய்யட்டும். கையெழுத்திடும் முன், அந்த ஜூனியரிடம் ஒருமுறை படிக்கக் கொடுக்கிறேன்.