எக்ஸ் ஆக்சிஸ் நகருது

மே 5
ராணிப்பேட்டை சிப்காட். பழைய சிஎன்சி லேத், அனலாக் டிரைவ் (கண்ட்ரோல் தரும் வோல்ட்டேஜுக்கு ஏற்ப மோட்டாரை ஓட்டும் பெட்டி), டிசி மோட்டார். சும்மா நிற்கும்போதே எக்ஸில் (விட்டத்தைத் தீர்மானிக்கும் ஆக்சிஸ்) ஃபாலோயிங் எரர், அதாவது சொன்ன இடத்துக்கும் நிற்கும் இடத்துக்கும் வித்தியாசம், 30 மைக்ரான். ஆஃப்செட் பாட் (டிரைவின் சைபரைத் திருத்தும் திருகு) மேல் இருந்த பெயின்ட் உடைந்திருக்கிறது. யாரோ திருகியிருக்கிறார்கள்.

கணக்கு: 10 வோல்ட்டுக்கு 3000 ஆர்பிஎம். 10 மில்லிவோல்ட் பிசகினால் 3 ஆர்பிஎம். 10 மி.மீ. பிட்ச் ஸ்க்ரூவில் நிமிடத்துக்கு 30 மி.மீ. ஊரும். லூப் மூடியிருப்பதால், அதாவது நிற்கும் இடம் திரும்பத் தெரிவதால், கண்ட்ரோல் எதிர்த்து இழுத்துப் பிடிக்கிறது. ஒரு மி.மீ. எரருக்கு நிமிடத்துக்கு ஒரு மீட்டர் என்று கெயின் இருந்தால், சரியாக 30 மைக்ரான்.

மே 6
கண்ட்ரோலிலிருந்து வரும் கமாண்ட் ஒயரைக் கழற்றி, டிரைவில் அந்த இரண்டு டெர்மினலையும் ஷார்ட் செய்து (கமாண்ட் சைபர்) டிரைவை எனேபிள். கை எமர்ஜென்சி மேலேயே. (செங்குத்து ஆக்சிஸில் முட்டுக் கொடுக்காமல் இதைச் செய்யவே கூடாது.) நின்றிருந்தால் கண்ட்ரோல் கார்டு, கேபிள், ஷீல்டு என்று தேடணும். நிற்கவில்லை, ஊர்ந்தது. அப்போ டிரைவ்தான்.

அரை மணி நேரம் சூடேறின பிறகுதான் பாட்டைத் திருகினேன். காலையில் குளிரக் குளிர வைத்த சைபர் கத்திரி வெயிலில் மதியமே ஓடிவிடும். ஃபேன் ஃபில்டர் அடைத்துக் கிடக்கிறது. பேனல் கதவைத் திறந்து டேபிள் ஃபேன் வைக்கிற வைத்தியம் வேண்டாம், வார்ப்பிரும்புத் தூசி கார்டில் படியும்.

மே 7
கரண்ட் இல்லை.

மே 8
எரர் 1, 2 மைக்ரான்தான். ஆனாலும் கடைந்த துண்டின் விட்டம் ஏறுது! திரையில் அதே எண், டயல் கேஜில் வேறு.

சூடா? இரும்பு ஸ்க்ரூ மீட்டருக்கு டிகிரிக்கு சுமார் 11.5 மைக்ரான் நீளும். 200 மி.மீ., 8 டிகிரி: 18 மைக்ரான், விட்டத்தில் 37. ஆனால் சூடு மெதுவாக ஏறி ஓரிடத்தில் நின்றுவிடும். இது திடீர் திடீரென்று தாவுது.

திரும்பவும் ரெஃபரன்ஸ் (ஆக்சிஸின் தொடக்கப் புள்ளி) எடுத்துப் பார்க்கணும். டயல் பழைய எண்ணுக்கு வந்தால் என்கோடர் (மோட்டார் சுற்றுவதை எண்ணும் கருவி) எண்ணிக்கை தவறுது: கேபிள், ஷீல்டு, என்கோடர் முனையில் 5 வோல்ட் குறைவு. வராவிட்டால் மோட்டாருக்கு அந்தப் பக்கம். என்கோடர் மோட்டாரில் இருப்பதால், மோட்டாரை ஸ்க்ரூவோடு இணைக்கும் கப்ளிங் நழுவினால் அதற்குத் தெரியாது.

பாட்டைத் தொடச் சொல்லி மறுபடி நச்சரிப்பு. முடியாது.

மே 9
ரெஃபரன்ஸ் எடுத்தும் டயல் பழைய எண்ணுக்கு வரவில்லை. ஷாஃப்ட், கப்ளிங் இரண்டின் மேலும் குறுக்கே மார்க்கர் கோடு. முழு ரேபிட்டில் (உச்ச வேகத்தில்) முன்னும் பின்னும் ஓட்டம்.

மே 10
கோடு பிரிந்துவிட்டது, முடி அளவுதான். ஷாஃப்டில் எண்ணெய். துடைத்து, தின்னர் போட்டு, ஆலன் போல்ட்டுகளை மாற்றி மாற்றி, டார்க் ரெஞ்சில் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு.

மே 11
காலை டயலில் வித்தியாசம் 4 மைக்ரான். மதியம் பார்க்கணும்.