கதவுநிலையில் ஒரு நீலக் கோடு

எங்கள் பாடசாலையின் விளையாட்டுச் சாமான் அறைக்குப் பழைய காலத்து உயர்ந்த கதவு. அதன் நிலையில், தரையிலிருந்து 2.09 மீற்றர் அளந்து ஒரு கோடு போட்டிருந்தேன். வெண்கட்டி மழைக்கு அழிந்துவிடும் என்று, வகுப்பறைக்குப் பூசி மிஞ்சிய நீலப் பெயின்ற்றில் தூரிகையைத் தோய்த்து இழுத்தது. உயரம் பாய்தலுக்குப் பெயர் கொடுக்க வரும் பிள்ளையை அதன் கீழே நிறுத்தி அண்ணாந்து பார்க்கச் சொல்வேன். "பொம்பிளையா ரீச்சர் பாய்ந்தது?" என்பதுதான் எப்போதும் முதல் கேள்வி.

பல்கேரியாவின் ஸ்டெஃப்கா கொஸ்டடினோவா. 1987 ஓகஸ்ட் 30, ரோம் நகரில் நடந்த உலக மெய்வல்லுநர் போட்டியில் இந்த 2.09ஐப் பாய்ந்து உலக சாதனை படைத்தார். அவருடைய உயரம் 1.80, தன் தலைக்கு மேலே இன்னும் 29 சென்ரிமீற்றர். என்னைவிட ஒரு வயது இளையவர். இலங்கை-இந்திய ஒப்பந்தம் கைச்சாத்தாகி ஒரு மாதமான நேரம் அது. எங்கள் காதுகளில் விழுந்த செய்திகள் வேறு. நானும் ஒரு காலத்தில் பாய்ந்தவள்தான். இருபது வயதில் கலியாணம் பேசினார்கள், அதோடு நின்றது. அவருடைய பெயரை ஆசிரிய பயிற்சிக்குப் போன பிறகுதான் அறிந்தேன்.

2011இல் மல்லாவிப் பக்கத்துப் பாடசாலை ஒன்றுக்கு உடற்கல்வி ஆசிரியையாகப் போனேன். போர் முடிந்து ஊர் மீளக் குடியேறிக்கொண்டிருந்தது. கண்ணிவெடி அகற்றியவர்கள் பார்த்துச் சரி என்ற மூலையில் குழி வெட்டி மணல் நிரப்பினோம். வெல்டிங் கடைக்காரர் இரண்டு கம்பங்கள் செய்து தந்தார். குறுக்குத்தடிக்கு மூங்கில்.

குறை மெத்தைதான். 1968இல் மெக்சிக்கோவில் டிக் பொஸ்பரி மல்லாந்து பாய்ந்து தங்கம் வென்ற பிறகு, மெல்ல மெல்ல உலகம் முழுவதும் அப்படித்தான் பாயத் தொடங்கியது. வளைந்து ஓடிவந்து, தடிக்குத் தூரத்துக் காலால் உந்தி, முதுகைத் தடிக்குக் காட்டி, கடைசியில் குதிக்காலை இழுத்துக்கொள்ள வேண்டும். விழுவது முதுகிலும் தோளிலும். மணலில் அதைச் செய்தால் கழுத்து போய்விடும். எனவே எங்கள் பிள்ளைகள் கத்தரிப் பாய்ச்சல்தான்: ஒரு காலை வீசி, மறுகாலை வீசி, நின்றபடி இறங்குவது. அதில் ஒருத்தி 1.38 பாய்ந்தாள். வலயப் போட்டியில், மெத்தையில் பழகிய பிள்ளைகள் அவளுடைய தோள் உயரம்கூட இல்லாதவர்கள், முதுகை வளைத்து அவளைத் தாண்டிப் போனார்கள். அவர்கள் வென்றது அவளையல்ல, எங்கள் மணற்குழியை என்று எனக்குத் தோன்றியது. இப்போதும் அப்படித்தான் தோன்றுகிறது.

மெத்தை கேட்டு எழுதிய கடிதங்களுக்கெல்லாம் "அடுத்த ஆண்டு" என்றே பதில் வந்தது. நாங்களே தைத்தோம். உரப்பைகளில் தும்பும் வைக்கோலும் அடைத்து, அடுக்கி, முல்லைத்தீவிலிருந்து வந்த பழைய மீன்வலையால் சுற்றிக் கட்டினோம். காலையில் உதறாவிட்டால் பலகை மாதிரி இறுகிவிடும். உதறும்போது ஒருநாள் சாரைப்பாம்பு ஒன்று வெளியே வந்தது. அன்று பிள்ளைகள் பாய்ந்த உயரத்தை யாரும் அளக்கவில்லை.

மெத்தை வந்ததும் அம்மாக்கள் வந்தார்கள். பெரிய பிள்ளை எல்லோரும் பார்க்க மல்லாந்து விழுவதா என்று. கொஸ்டடினோவாவின் கதையைச் சொன்னேன். 1988இல் சியோலில் தங்கம் அவருக்குத்தான் என்று எல்லோரும் நினைத்திருக்க, லூயிஸ் ரிட்டர் 2.03 பாய்ந்து எடுத்துக்கொண்டார். (1958இல் டோக்கியோ ஆசிய விளையாட்டில் நம்முடைய எதிர்வீரசிங்கம் தங்கம் வென்றதும் இதே 2.03தான், அதைப் பெடியன்களுக்குச் சொல்வேன்.) பார்சலோனாவில் கொஸ்டடினோவாவுக்கு நான்காம் இடம். 1995 ஜனவரியில் மகன் பிறந்தான். அதே ஓகஸ்டில் கோதன்பேர்க்கில் மறுபடி உலக சம்பியன். அடுத்த ஆண்டு அட்லாண்டாவில், 31 வயதில், 2.05 பாய்ந்து ஒலிம்பிக் தங்கம்.

"பிள்ளையைப் பார்க்க ஆள் இருந்திருக்கும் ரீச்சர்" என்றார் ஓர் அம்மா. ஒற்றை ஆளாக நான்கு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருந்தவர். நான் வாயை மூடிக்கொண்டேன். ஆனால் அவர் மகளை நிறுத்தவில்லை. 1.38காரி அவர் மகள்தான். நீளக் காற்சட்டையோடு பாய்ந்து, வைக்கோல் மெத்தையில் 1.46 வரை போனாள்.

2024இல் நான் ஓய்வு பெற்றேன். அந்த ஜூலை 7ஆம் திகதி பாரிஸில் உக்ரைனின் யாரொஸ்லாவா மகுச்சிக் 2.10 பாய்ந்து, 37 ஆண்டு நின்ற சாதனையைத் தட்டிவிட்டார். இரண்டு நாள் கழித்து அந்த 1.38காரி தொலைபேசியில் அழைத்தாள். இப்போது அதே பாடசாலையில் அவள்தான் உடற்கல்வி. கோட்டை உயர்த்த வேண்டுமே என்றேன்.

"அளந்து பார்த்துவிட்டேன் ரீச்சர். நீங்கள் தடித்த தூரிகையால் இழுத்திருக்கிறீர்கள். கோட்டின் கீழ் விளிம்பு 2.09, மேல் விளிம்பு 2.10. தொடவே தேவையில்லை."