ஜேம்ஸ் ஹாமெட்டின் முன்னோரைத் தேடி: இதுவரை நடந்தவை

இங்கிலாந்தின் டார்செட் பகுதியில் உள்ள டோல்பட்டில் கிராமத்தில் 1811இல் பிறந்த ஜேம்ஸ் ஹாமெட், சங்கம் சேர்வதற்காக இரகசிய உறுதிமொழி எடுத்ததாகக் குற்றம் சாட்டப்பட்டு 1834இல் ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்பட்ட ஆறு பண்ணைத் தொழிலாளர்களுள் ஒருவர். மன்னிப்புப் பெற்றுத் திரும்பியபின் மற்ற ஐவரும் கனடாவில் குடியேறிவிட, இவர் மட்டும் பிறந்த ஊரிலேயே வாழ்ந்து, 1891இல் டார்செஸ்டர் ஏழையர் இல்லத்தில் இறந்தார். ஊரோடு ஒட்டியிருந்தவர் என்பதால் இவருடைய வம்சாவளியைத் தொடுப்பது எளிது என்று நம்பித்தான் இந்தத் தேடலைத் தொடங்கினேன்.

மரணத்திலிருந்து பின்னோக்கி நடப்பதே முறை என்பதால், முதலில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏடுகளை எடுத்துக்கொண்டேன். 1851 முதல் வயது, உறவுமுறை, பிறந்த ஊர் ஆகிய மூன்றும் தெளிவாக எழுதப்பட்டிருக்கின்றன. 1841இல் அப்படி இல்லை. பதினைந்து வயதைக் கடந்தவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதுவதே அன்றைய விதி. அதை அறியாமல் 29 வயதுடைய ஒருவரையே தேடி இரண்டு வார இறுதிகளை இழந்தேன். விதிப்படி அங்கே 25 என்றுதான் எதிர்பார்க்க வேண்டும்.

அதற்கு முந்தைய காலத்தில்தான் உண்மையான சிக்கல் இருக்கிறது. திருமணப் பதிவில் மணமக்களின் தந்தையர் பெயரும் தொழிலும் இடம்பெறத் தொடங்கியது 1837 ஜூலை முதல்தான். ஹாமெட்டோ கைதானபோதே மணமானவர். தந்தையின் தொழிலையும் இருப்பிடத்தையும் கேட்கும் அச்சிட்ட ஞானஸ்நானப் படிவம் நடைமுறைக்கு வந்தது 1813இல். அவர் பிறந்ததோ அதற்குச் சற்று முன்னால். ஒரே பெயருடைய இரண்டு குடும்பங்களைப் பிரித்தறிய உதவும் இரண்டு விவரங்களும் இவருக்கு மட்டும் நூலிழையில் தவறிப்போயிருப்பது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது.

ஆகவே இப்போது அவருடைய சகோதரர் ஜான் வழியாகச் செல்கிறேன். உறுதிமொழிக் கூட்டத்தில் இருந்தவர் ஜான்தான் என்றும், பேறுகாலத்தை எதிர்நோக்கியிருந்த அவர் மனைவியை எண்ணி ஜேம்ஸ் அந்தப் பழியை ஏற்றார் என்றும் சொல்லப்படுகிறது. அந்தக் குழந்தையின் ஞானஸ்நானம் 1834ஆம் ஆண்டுப் பதிவேட்டில் இருந்தால், அது அச்சிட்ட படிவத்தில்தான் இருக்கும். எழுத்தர்கள் காதில் விழுந்தபடியே பெயரை எழுதியவர்கள் என்பதால், ஹாமெட் என்பதன் எல்லா எழுத்து வடிவங்களையும் குறித்துக்கொண்டு, டோல்பட்டிலோடு அருகிலுள்ள அஃப்பட்டில், பட்டில்டவுன் பதிவேடுகளையும் பக்கம் பக்கமாகப் படித்து வருகிறேன்.