கணப்புக்குச் சுண்ணாம்பு

குன்னூரில் எங்கள் வீட்டுக் கூடத்துக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் படுவது கணப்புதான், குளிருக்குத் தீ மூட்டும் சுவரடுப்பு. வெள்ளைக்காரர் காலத்துக் கட்டடம். ஆறடி அகலத்துக்குச் செங்கல், தரையிலிருந்து கூரை வரை ஏறும். அப்பா 1984-ல் வீட்டை வாங்கியபோதே அதன்மேல் சிவப்பு எனாமல் பெயிண்ட் அடித்திருந்தது. நாங்களும் அப்படியே விட்டுவிட்டோம். மதியம் இரண்டு மணிக்கே விளக்குப் போட வேண்டிய கூடம்.

"இடிச்சுட்டு அந்த இடத்துல டிவி மாட்டிடலாம்பா" என்றாள் மகள். கூடம் புதுசாக, வெளிச்சமாக வேண்டும் என்ற ஆசை எனக்கும் உண்டு. ஆனால் இடிக்க மட்டும் மனசு வரவில்லை. காரணம் அம்மா.

புகைபோக்கி அடைத்துப்போன பிறகு, குளிர்காலத்தில் அம்மா இரும்புச் சட்டியில் கரி மூட்டித் தன் அறையில் வைத்துக்கொள்வார். ஒரு ஜனவரி காலை எழுந்திருக்கவே முடியவில்லை. தலைவலி, வாந்தி. கதவு ஜன்னலைச் சாத்திக் கரி மூட்டினால் சேருவது கார்பன் மோனாக்சைடு. வாசனை கிடையாது, நிறம் கிடையாது. பிழைத்துக்கொண்டார். இந்த மலையில் அப்படி உறக்கத்திலேயே போனவர்களின் செய்தியை நாம் அவ்வப்போது படிக்கிறோம். அடைப்பை எடுத்துவிட்டால், புகை வெளியே போக ஒழுங்கான வழியுள்ள ஒரே இடம் இந்தக் கணப்பு. அதை மூடிவிட்டு டிவி மாட்ட நான் தயாராக இல்லை.

வந்த கொத்தனார் அண்ணன் கரண்டிக் காம்பால் செங்கல்லை ஒவ்வொன்றாகத் தட்டிக் கேட்டார். "செங்கல்லு கெடல சார். மேல பூசினதுதான் கெட்டுப்போச்சு" என்றார். ஐப்பசி, கார்த்திகை மழைத்தண்ணீர் புகைபோக்கி உச்சி வழியாக உள்ளே இறங்கியிருக்கிறது. பெயிண்ட் மூடியிருப்பதால் ஈரம் வெளியேற வழியில்லை. உப்புப் பூத்து, பெயிண்டோடு சேர்த்துச் செங்கல்லின் முகத்தையும் உரித்துத் தள்ளியிருந்தது. போதாததற்கு, முன்பு யாரோ இணைப்புகளில் சிமெண்ட் அடைத்திருந்தார்கள். பழைய செங்கல்லைவிடச் சிமெண்ட் கெட்டி. அதனால் அடி வாங்குவது செங்கல்தான்.

பெயிண்ட் உரிக்கவே பதினோரு நாள் ஆனது. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக்கூடாது என்ற விதியே 2016-ல்தான் வந்தது. நம்முடையது எந்தக் காலத்து டப்பாவோ! அதனால் உலர்வாகத் தேய்க்க விடவில்லை. தண்ணீர் தெளித்து, முகமூடி போட்டுச் சுரண்டினோம். அம்மாவைத் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். இடது பக்கம், கீழிருந்து நான்காவது வரிசையில் ஒரு கல். அதில் நான்கு விரல் பதிந்திருந்தது. ஈரமாக இருக்கும்போது அறுத்தவர் எடுத்து வைத்த கை. என் விரலை வைத்துப் பார்த்தேன், பொருந்தவில்லை, சின்னக் கை.

இணைப்புகளில் சிமெண்ட்டைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்புக் கலவை வைத்தோம். அதன்மேல் நன்றாக ஊறி வடிகட்டிய சுண்ணாம்பைப் பால் பதத்தில் கரைத்து மூன்று கை அடித்தோம். ஒவ்வொரு முறையும் சுவரை நனைத்துவிட்டுத்தான் அடிக்க வேண்டும். அடிக்கும்போது ஒன்றுமே தெரியாது, வெறும் தண்ணீர் மாதிரி இருக்கும். மகள் முகம் வாடிவிட்டது. மறுநாள் காலை வந்து பார்த்தால் வெளுத்திருந்தது. காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துத்தான் அது கல்லாகிறது, அவசரப்படுத்த முடியாது. செங்கல்லின் மேடு பள்ளம் எல்லாம் தெரியும்படியான வெள்ளை. பிளாஸ்டிக் பெயிண்டில் இந்த வெள்ளை வராது.

செதுக்கு வேலை செய்த மரச் சட்டத்தை எடுத்துவிட்டு, முன்தரைக்கு ஒரே கடப்பா கல் போட்டோம். அவ்வளவுதான் அலங்காரம்.

பெரிய செலவு கண்ணுக்குத் தெரியாத இடத்தில். தீ எரியும் குழிக்குச் சாதாரணச் செங்கல்லும் சிமெண்ட்டும் தாங்காது. கோவையில் வார்ப்படப் பட்டறைகளுக்குத் தீச்செங்கல் விற்கும் கடையில் வாங்கி வந்தோம். பழைய குழி ஆழமானது, சூடு முழுக்க மேலே போய்விடும். ரம்ஃபோர்ட் என்பவர் 1796-லேயே எழுதிவைத்த முறைதான்: குழியின் ஆழத்தைக் குறை, பக்கச் சுவர்களைச் சாய்த்து வை, புகை ஏறும் தொண்டையைக் குறுக்கு. அப்படியே செய்தோம். புகைபோக்கியிலிருந்து ஒரு கோணிப்பை நிறையக் குருவிக்கூட்டுக் குச்சியும், தார் மாதிரிப் பளபளக்கும் கரியும் வந்தன. அந்தக் கரி தீப்பிடித்தால் கூரையே போகும். உச்சியில் மழைக்கு மூடியும் வைத்தாயிற்று.

இனி ஈரம் காயாத கற்பூர மர (யூகலிப்டஸ்) விறகு வீட்டுக்குள் வராது. ஒரு வருஷம் காய்ந்த சீகை (வாட்டில் மரம்) விறகு மட்டும்.

டிசம்பர் முதல் வாரம் முதல் தீ மூட்டினோம். புகை ஒரு இழைகூடக் கூடத்துக்குள் திரும்பவில்லை. அம்மா தன் நாற்காலியை இழுத்துக் கடப்பா கல் ஓரமாகப் போட்டுக்கொண்டு, "அந்தக் கரிச்சட்டியை யாருக்காவது குடுத்துடு" என்றார். கொடுக்கவில்லை, தூக்கிப் போட்டேன். வலது மூலையில் ஒரு இணைப்பு மட்டும் லேசாக விரிசல் விட்டிருக்கிறது. பனி முடிந்ததும் அண்ணன் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.