டை எங்கே இருக்கிறது?

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்து செல்போன் ஆலைகளில் வேலை பார்ப்பவர்களிடம் போனைப் பற்றிக் கேட்டால் திரை, கேமரா, பேட்டரி, சிப் என்றுதான் பேச்சு போகும். என் பங்குக்கு வந்தது கனெக்டர், போனின் பாகங்களை மின்சாரம் போக இணைக்கும் சிறு பொருள். முதலில் உள்ளே வரும் சரக்கைச் சோதிக்கும் பிரிவில் இருந்தேன். அப்புறம் அதே சரக்கை வாங்கும் பிரிவுக்கு மாற்றினார்கள். இரண்டு மேசையிலும் உட்கார்ந்து பார்த்ததில் ஒன்று தெளிவாகப் புரிந்தது. இந்தச் சந்தையில் போட்டி விலைப்பட்டியலில் நடப்பதில்லை. நாங்கள் விலை கேட்கிற கட்டத்துக்கு வரும்போது யார் ஜெயித்தார் என்பது பெரும்பாலும் முடிவாகியிருக்கும்.

ஒரு போனைப் பிரித்தால் சார்ஜ் போடும் போர்ட் மட்டும்தான் கண்ணுக்குப் பழகிய கனெக்டர். உள்ளே இன்னும் நிறைய இருக்கும். திரையையும் கேமராவையும் பேட்டரியையும் மெயின் போர்டோடு சேர்ப்பவை 'போர்டு டு போர்டு' கனெக்டர்கள். இரண்டு பாதிகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்து விரலால் அழுத்தினால் 'டிக்' என்று உட்காரும். ஆன்டெனா வயருக்கு வட்டமான ஒரு குட்டி கோஆக்ஸ் கனெக்டர். சிம் தட்டுக்கு இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் கேட்கப்படும் உழைப்பு வேறு. யூஎஸ்பி-சி போர்ட் 10,000 தடவை செருகி எடுத்தாலும் தாங்க வேண்டும். ஹிரோஸே நிறுவனத்தின் யூ.எஃப்.எல் என்ற கோஆக்ஸ் கனெக்டருக்கு 30 தடவைதான் கணக்கு. ஆலையில் ஒரு முறை மாட்டுவது, சர்வீஸ் சென்டரில் சில முறை கழற்றுவது, அவ்வளவுதான் அதன் வாழ்க்கை.

இவற்றைச் செய்பவர்களில் பழைய பெயர்கள் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் இருக்கின்றன. ஆம்ஃபினால் 1932இல் சிகாகோவில் ரேடியோ வால்வுக்கு சாக்கெட் செய்து தொடங்கியது. மோலெக்ஸ் 1938. இன்று டிஇ கனெக்டிவிட்டி என்று அறியப்படும் நிறுவனத்தின் வேர், 1941இல் தொடங்கிய ஏஎம்பி. ஜப்பானில் ஹிரோஸே 1937, ஜேஏஇ 1953. இவர்களுக்குப் பின்னால் தைவானும் சீனாவும் வந்தன. மோலெக்ஸை 2013இல் கோக் இண்டஸ்ட்ரீஸ் சுமார் 720 கோடி டாலர் கொடுத்து வாங்கியபோது எங்கள் பிரிவில் பலருக்கு அது ஆச்சரியமாக இருந்தது. அரிசி மணி அளவு பொருள் செய்கிற தொழிலுக்கு அவ்வளவு பணமா என்று கேட்டார்கள். அந்தப் பொருளை அச்சு மாறாமல் கோடிக்கணக்கில் செய்யக் கற்றுக்கொள்ள எத்தனை வருடம் பிடிக்கும் என்று பார்த்தால் ஆச்சரியம் குறைந்துவிடும்.

போர்டு டு போர்டு கனெக்டரையே எடுத்துக்கொள்வோம். மின்சாரத்தைக் கடத்தும் குட்டி உலோகக் கால்கள் அதில் வரிசையாக இருக்கும். ஒரு காலுக்கும் அடுத்த காலுக்கும் நடுவே உள்ள தூரத்தைப் பிட்ச் என்பார்கள். அது 0.5 மில்லிமீட்டரிலிருந்து 0.4க்கு வந்து, 0.35க்கு இறங்கியது. இரண்டு பாதியும் சேர்ந்த உயரம் 0.6 மில்லிமீட்டர். இந்த இடைவெளியில் மெல்லிய தாமிரக் கலவைத் தகட்டை வெட்டி, மடித்து, ஸ்பிரிங் போல வளைத்து, நிக்கலும் தங்கமும் பூசி, எல்சிபி என்கிற பிளாஸ்டிக்கில் பதிக்க வேண்டும். கால்கள் எல்லாம் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். ஒரு கால் 0.1 மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டு நின்றாலே போர்டில் சால்டர், அதாவது காலை ஒட்டவைக்கும் பற்று உலோகம், பிடிக்காமல் போகலாம். இதெல்லாம் தகட்டை வெட்டி வளைக்கும் அச்சான டையிலும், பிளாஸ்டிக்கை வார்க்கும் அச்சான மோல்டிலும் தீர்மானமாகிற விஷயம். அவை சரியாக இருந்தால் மெஷின் தானாக ஓடும். தேய்ந்த டையோடு எவ்வளவு நல்ல ஆபரேட்டர் நின்றாலும் பயனில்லை.

ஒரு சம்பவத்தைச் சொன்னால் விளங்கும். ஒரு மாடலில் பேட்டரி கனெக்டர் லைனில் எல்லா டெஸ்டும் பாஸ் ஆனது. கீழே போட்டுப் பார்க்கும் சோதனைக்குப் பிறகு சில போன்கள் தானாக அணைந்தன. கழற்றி மாட்டினால் சரியாகிவிடும். இப்படிச் சரியாகிற பழுதுதான் எங்களுக்கு மிகவும் தொல்லை, ஏனென்றால் கையில் எடுத்ததும் சாட்சி அழிந்துவிடுகிறது. கடைசியில் கழற்றாமலேயே ரெசினில் புதைத்து, குறுக்கே அறுத்து, பாலிஷ் செய்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தோம். காலின் அடியில் பிடிக்க வேண்டிய சால்டர், காலோடு ஏறி, தொடுமுனை வரைக்கும் போயிருந்தது. பாகங்களைப் போர்டில் ஒட்டவைக்கும் ரீஃப்ளோ அடுப்பின் சூட்டில் உருகிய சால்டர் தங்கம் பூசிய இடமெல்லாம் ஏறும். அதைத் தடுக்க, தொடுமுனைக்கும் அடிக்காலுக்கும் நடுவே ஒரு சிறு பட்டையைத் தங்கம் இல்லாமல் வெறும் நிக்கலாக விடுவார்கள். அந்தப் பட்டையைத் தாண்டி சால்டர் ஏறாது. எங்களுக்கு வந்த லாட்டில் அந்தப் பட்டை பாதி அகலம்தான் இருந்தது.

சப்ளையர் சீனாவின் டோங்குவான் பக்கத்து நிறுவனம். பெயர் வேண்டாம். அவர்களைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை, அவர்கள் திருத்திய வேகத்தைச் சொல்லத்தான் சொல்கிறேன். படத்தை அனுப்பிய மறுநாளே பிளேட்டிங், அதாவது பூச்சு வேலை, செய்யும் இடத்திலிருந்து அவர்களுடைய இன்ஜினியர் வீடியோவில் பேசினார். பிளேட்டர், டை பட்டறை, மோல்ட் பட்டறை எல்லாம் பக்கத்துப் பக்கத்துத் தெருக்களில். பட்டையில் தங்கம் படாமல் தடுக்கும் மறைப்பை மாற்றி, புதுத் தகட்டுச் சுருளை ஓட்டி, அந்த வாரத்துக்குள் புது சாம்பிள் விமானத்தில் ஏறிவிட்டது. டோங்குவானில் சாங்ஆன் என்ற ஊர் மோல்டுக்குப் பெயர்போனது. ஓப்போ, விவோ இரண்டுக்கும் அதுவே தலைமையிடம். போனை வரைபவரும் அச்சை வெட்டுபவரும் ஒரே ஊரில் இருந்தால் என்ன நடக்கும் என்பதை எனக்குப் புரியவைத்தது அந்த வாரம்தான்.

ஓப்போ 2014இல் வூக் என்ற வேகச் சார்ஜிங்கைக் கொண்டுவந்தபோது வழக்கமான 5 பின் மைக்ரோ யூஎஸ்பி போதவில்லை, 7 பின் வைத்து மாற்றி அமைத்தார்கள். அப்படி ஒரு தனிப் பொருளை யாரோ பக்கத்தில் உட்கார்ந்து, வரைந்து, உடைத்து, திரும்பச் செய்து கொடுக்க வேண்டும். எங்கள் தொழிலில் இதை 'டிசைன் இன்' என்போம். போன் கடைக்கு வருவதற்கு ஒரு வருடத்துக்கு மேல் முன்பே, வரைபடத்தில் கனெக்டரின் பார்ட் நம்பர் ஏறிவிடும். அதற்குப் பிறகு மாற்றினால் போர்டின் லேஅவுட்டையே மாற்ற வேண்டும். எனக்கு முன்னால் விலை பேச உட்கார்ந்த விற்பனையாளர்கள் சிலர் அவ்வளவு நிதானமாக இருந்ததன் காரணம் அதுதான்.

இதை உடைக்க வாங்குபவர்கள் கையில் இருக்கும் ஆயுதம் 'செகண்ட் சோர்ஸ்'. ஒரே இடத்தில் உட்காரக்கூடிய கனெக்டரை இரண்டு பேரிடமாவது அங்கீகரித்து வைப்பது. மார்ச் 2011இல் ஜப்பானின் வடகிழக்கில் நிலநடுக்கமும் சுனாமியும் வந்தபோது இதன் அருமை எல்லோருக்கும் தெரிந்தது. இவாதே மாநிலத்து மியாகோ கனெக்டரும் மோல்டும் செய்கிற ஊர், சுனாமி அடித்த கரை. அதற்குப் பிறகு எந்த வாங்கும் பிரிவிலும் ஒற்றை சோர்ஸ் பார்ட் என்றால் மேலதிகாரி காரணம் கேட்பார். ஆனால் செகண்ட் சோர்ஸ் சொல்வதற்கு எளிது. இரண்டு நிறுவனத்தின் பாதிகளை ஒன்றோடொன்று மாட்டினால் 'டிக்' சத்தம் வரும், அழுத்தம் வேறாக இருக்கும். மேல் பாதி ஒருவருடையது, கீழ்ப் பாதி இன்னொருவருடையது என்று கலந்துவிட்டால் பழுதுக்கு யார் பொறுப்பு என்று யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அதனால் ஜோடியாகத்தான் அங்கீகரிப்போம். கலப்பதைத் தடுக்க ஸ்டோரில் ரீலுக்கு ரீல் லேபிள் சரிபார்ப்போம்.

போர்ட் கதை வேறு மாதிரி. அங்கே சட்டமே விளையாட்டை மாற்றியது. 2012இல் ஐபோன் 5 உடன் வந்த லைட்னிங் ஆப்பிளின் சொந்தச் சொத்து. யார் செய்யலாம் என்பதை ஆப்பிள் தீர்மானிக்கும். யூஎஸ்பி-சி 2014இல் பொதுத் தரமாக வந்தது, 24 பின், எந்தப் பக்கம் திருப்பினாலும் நுழையும். 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் போன்களுக்கு யூஎஸ்பி-சியைக் கட்டாயமாக்கிச் சட்டம் போட்டது. 2023 செப்டம்பரில் ஐபோன் 15 அதற்கு மாறிக்கொண்டது. 28 டிசம்பர் 2024 முதல் ஐரோப்பாவில் விற்கும் புதிய போன்களுக்கு அதுவே கட்டாயம். மேலோட்டமாகப் பார்த்தால் கனெக்டர்காரர்களுக்கு நல்ல செய்திதான், எல்லோருக்கும் ஒரே வாய். வாங்கும் மேசையில் இருந்து பார்த்தால், எல்லோரும் ஒரே பொருளைச் செய்யும்போது விலை தரையைத் தொடும். அப்புறம் வித்தியாசம் காட்ட உள்ளே போக வேண்டும். தண்ணீர் புகாத ரப்பர் வளையம், 5 ஆம்பியர் தாங்கும் பின், நடுத்தகட்டின் உறுதி, பூச்சு.

பூச்சைப் பற்றி நம் ஊர்க்காரருக்கு ஒன்று சொல்ல வேண்டும். சென்னையில் வியர்வை ஈரத்தோடு சட்டைப் பையிலிருந்து எடுத்த போனை அப்படியே சார்ஜில் போடுவோம். உப்பு ஈரம், மின்சாரம் இரண்டும் சேர்ந்தால் மின்சாரம் வரும் பின்னில் தங்கப் பூச்சின் நுண்ணிய துளைகள் வழியாக அரிப்பு தொடங்கும். பின் கறுத்துவிடும். வேகச் சார்ஜிங் வந்த பிறகு இது இன்னும் மோசம். அதனால்தான் நல்ல போர்ட்களில் அந்தப் பின்களுக்கு மட்டும் ரோடியம்-ருத்தேனியம் என்ற உலோகக் கலவையைப் பூசுகிறார்கள். விலை கூடும். இரண்டு போர்ட்டையும் கடையில் பக்கத்தில் வைத்தால் வாங்குபவருக்கு வித்தியாசமே தெரியாது. இப்படித் தெரியாத இடத்தில் செலவு செய்கிற நிறுவனத்தின்மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

இன்னொரு பயமும் இந்தத் தொழிலில் உண்டு. போட்டியில் தோற்பது ஒன்று, பொருளே இல்லாமல் போவது இன்னொன்று. 2016இல் ஐபோன் 7, ஹெட்போன் ஜாக்கை எடுத்துவிட்டது. 2022இல் அமெரிக்காவில் விற்ற ஐபோன் 14இல் சிம் தட்டே இல்லை. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு டை வரிசை, வேறு ஊரில் எடுத்த ஒரு முடிவால் நின்றுபோகும்.

ஃபாக்ஸ்கானை இன்று எல்லோருக்கும் போன் அசெம்பிளி செய்யும் நிறுவனமாகத்தான் தெரியும். டெர்ரி கோ அதை 1974இல் தைவானில் ஹோன் ஹாய் என்ற பெயரில் தொடங்கியது டிவிக்குப் பிளாஸ்டிக் திருகு குமிழ் செய்ய. சீக்கிரமே சொந்தமாக மோல்ட் பட்டறை வைத்துக்கொண்டார். எண்பதுகளில் கனெக்டர். அசெம்பிளி அதற்குப் பிறகுதான். அந்த ஃபாக்ஸ்கானின் ஷென்ஜென் ஆலையில் தொழிலாளியாகச் சேர்ந்த வாங் லாய்சுன் 2004இல் லக்ஸ்ஷேர் நிறுவனத்தைத் தொடங்கினார். அவரும் கேபிள், கனெக்டர் என்று ஆரம்பித்துத்தான் ஏர்பாடுக்கும், அப்புறம் ஐபோனுக்கும் வந்தார். இருவரும் ஏறிய படி ஒன்றே. முதலில் கனெக்டர், கடைசியில் போன்.

நாம் தலைகீழாக வந்தோம். 2006இல் நோக்கியா ஸ்ரீபெரும்புதூரில் நேரே போனைச் செய்யத் தொடங்கியது. 2014 நவம்பரில் ஆலை நின்றது, அதை நம்பி வந்த உதிரிபாக ஆலைகளும் ஆட்டம் கண்டன. அந்த ஆண்டை இந்தப் பகுதியில் யாரும் மறக்கவில்லை. இப்போது மறுபடியும் போன் பெரிய அளவில் இங்கே செய்யப்படுகிறது. இனி போனிலிருந்து கீழே இறங்கி கனெக்டருக்குப் போக வேண்டும். ஜூலை 2024 பட்ஜெட்டில் கனெக்டர் செய்யத் தேவையான சில பாகங்களுக்கு சுங்க வரியை விலக்கினார்கள். மார்ச் 2025இல் மத்திய அரசு 22,919 கோடி ரூபாயில் எலக்ட்ரானிக் உதிரிபாகத் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. அடுத்த மாதமே தமிழக அரசும் தனக்கென ஒன்றை அறிவித்தது. மூன்றையும் மனதார வரவேற்கிறேன்.

ஆனாலும் எனக்கு முன்னால் வந்து, "இங்கேயே கனெக்டர் செய்கிறோம்" என்று சொல்பவரிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, டை எங்கே இருக்கிறது என்பதுதான். டை வெளிநாட்டில், பூச்சும் வெளிநாட்டில், ரீலில் சுற்றுவது மட்டும் இங்கே என்றால், நிக்கல் பட்டை பாதியாகிப் போகும் நாளில் அவர்களும் என்னைப் போலவே மின்னஞ்சல் அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

இந்தக் கேள்வியோடு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறைக்காரரைப் போய்ப் பார்த்தேன். கார் பாகங்களுக்கு, தகட்டைப் படிப்படியாக வெட்டி மடிக்கும் புரோகிரஸிவ் டை செய்பவர், வேலை சுத்தம். மாதிரி கனெக்டரை லென்ஸில் வெகுநேரம் பார்த்தார்.

"கஷ்டம்தான் தம்பி. ஆனா பழகிக்கலாம். எத்தனை அடி அடிக்கப் போறீங்க, அதைச் சொல்லுங்க."

"வருஷத்துக்குப் பத்து லட்சம் போன்னு வச்சுக்குங்க, அண்ணே."

அங்கேயே ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டோம். 40 கால் கனெக்டர் என்றால் பத்து லட்சம் போனுக்கு 4 கோடி கால். நிமிடத்துக்கு ஆயிரம் அடி அடிக்கும் பிரஸ்ஸில், ஒரு அடிக்கு ஒரு கால் விழுந்தாலே மணிக்கு 60,000. நிறுத்தாமல் ஓட்டினால் ஒரு மாதத்துக்குள் வேலை முடிந்துவிடும்.

"அப்ப மீதி பதினோரு மாசம் அந்த பிரஸ் என்ன செய்யும்?" என்றார்.

அந்த மாதிரி பிரஸ் பெரும்பாலும் ஸ்விட்சர்லாந்து, ஜப்பான் போன்ற வெளிநாடுகளிலிருந்துதான் வரும், விலையைச் சொன்னால் வங்கி சொத்துப் பத்திரம் கேட்கும். பல மாடல், பல பிராண்ட் ஒரே பிட்ச், ஒரே காலைப் பயன்படுத்தினால்தான் கணக்கு உதைக்காது. அவர் கேட்டது இரண்டுதான். இரண்டு வருட ஆர்டர் எழுத்தில் வேண்டும், இடையில் வரைபடம் மாறக்கூடாது. மானியம் வந்தால் நல்லது, ஆனால் அதை நம்பி பிரஸ் இறக்க மாட்டேன் என்றார்.

அந்த இரண்டையும் தரும் அதிகாரம் என் மேசைக்கு இல்லை, எங்கள் ஆலைக்கும் இல்லை. ஆப்பிளின் குபெர்டினோவிலும் சாம்சங்கின் சுவோனிலும் சாங்ஆனிலும் போனை வரைபவர்களுக்குத்தான் இருக்கிறது. செகண்ட் சோர்ஸ் அங்கீகாரச் சோதனையையாவது, செருகி எடுப்பது, உப்புத் தெளிப்பு, குறுக்கே அறுத்துப் பார்ப்பது எல்லாவற்றையும், இங்கே நடத்த அவர்கள் ஒப்புக்கொண்டால் அம்பத்தூர்க்காரர் தன் சாம்பிளைப் பையில் போட்டுக்கொண்டு காலையில் வந்து, குறையைப் பார்த்து, மாலையே டையைத் திருத்தத் தொடங்கலாம். அதற்கான கோரிக்கையை எழுதி மேலே அனுப்பியிருக்கிறேன்.